மயக்கவியல் மேற்படிப்பு: மூன்று இடங்களில் எதை முதலில் எழுதுவது?

கேள்வி: நான் மன்னார்குடியைச் சேர்ந்தவள். எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. தேர்வில் மயக்கவியல் கிடைக்கக்கூடிய தரவரிசை பெற்றிருக்கிறேன். சென்னை ஸ்டான்லி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, சென்னையில் ஒரு தனியார் பெருமருத்துவமனையின் டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும், எம்.டி.க்கு இணையான பட்டம்) ஆகிய மூன்றும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. வீட்டில் தஞ்சாவூர் போதும் என்கிறார்கள். பெண்ணுக்கு வசதியான துறைதானே, பக்கத்திலேயே படி என்பது அவர்கள் எண்ணம். சீனியர்கள் கேஸ் அதிகம், ஸ்டான்லிக்குப் போ என்கிறார்கள். உடன் படித்த தோழியோ நவீனக் கருவிகளெல்லாம் கார்ப்பரேட்டில்தான் என்கிறாள். எனக்குப் பிற்காலத்தில் தீவிர சிகிச்சைத் துறைக்குப் போக விருப்பம். எதை முதல் விருப்பமாகக் கொடுப்பது? அல்லது காத்திருந்து ஜிப்மருக்கு முயலலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள மருத்துவருக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று நிறுவனங்களின் பெயர்களும் மூன்று தரப்பினரின் கருத்துகளும் இருக்கின்றன. அந்த மூன்று துறைகளிலும் இப்போது படித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடமாவது நீங்கள் பேசியதாகக் குறிப்பு இல்லை. விருப்பப் பட்டியலை உறுதிசெய்வதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள். வரிசையைப் பற்றிய என் கருத்தைக் கடைசியில் சொல்கிறேன். அந்த வரிசையை மாற்றக்கூடிய விஷயங்கள் எவை, அவற்றை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்பதை முதலில் எழுதுவதே உங்களுக்கு அதிகம் பயன்படும்.

நான் முதலில் கேட்கச் சொல்வது இதுதான்: முதலாமாண்டு மாணவி இரவுப் பணியில் இருக்கிறார், அதிகாலை இரண்டு மணிக்கு அவசர சிசேரியன் வருகிறது, அப்போது அவர் பக்கத்தில் யார் நிற்பார்? உதவிப் பேராசிரியரா, மூன்றாமாண்டு மாணவரா, அல்லது தேவைப்பட்டால் போன் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனவரா? மூன்று இடங்களிலும் இதே கேள்வியை, இதே சொற்களில், முதலாமாண்டு மாணவர் ஒருவரிடமும் இறுதியாண்டு மாணவர் ஒருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். துறைத் தலைவரிடம் கேட்டால் பணிப் பட்டியலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பதிலாக வரும்.

இதை ஏன் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன் என்றால், வார்டில் தவறிய ஒரு கணிப்பை மறுநாள் காலை ரவுண்ட்ஸில் திருத்த இடமுண்டு, நம் துறையில் பெரும்பாலும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. முன்கூட்டியே நன்றாக ஆக்சிஜன் கொடுக்கப்பட்ட ஆரோக்கியமான பெரியவர் மூச்சின்றிச் சில நிமிடங்கள் தாங்குவார். நிறைமாதக் கர்ப்பிணியோ, உடல் பருத்தவரோ, கைக்குழந்தையோ அதைவிட மிகக் குறைவாகவே தாங்குவார்கள். அந்தச் சில நிமிடங்களுக்குள் செயற்கைச் சுவாசக் குழாய் மூச்சுக்குழாய்க்குள் போகவில்லை என்றால் அடுத்து என்ன செய்வது என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தாலும், முதல் ஆறு மாதங்களில் கை அதைச் செய்யாது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் காரில் பயிற்றுநரின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும் அல்லவா, அதுபோல ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் கற்பவரும் துணிந்து கற்க முடியும், நோயாளியும் பிழைத்திருக்க முடியும்.

நல்ல மேற்பார்வை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சாதாரண ஸ்பைனலையே (முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைப்பது) எடுத்துக்கொள்வோம். தாயை மேசையில் பக்கவாட்டில் சுருண்டு படுக்கவைத்து, இடுப்பெலும்பின் உச்சியைத் தொட்டு இடைவெளியைக் கண்டுபிடித்து, மாணவி ஊசியைச் செலுத்துகிறார். ஊசி எலும்பில் முட்டுகிறது. நல்ல ஆசிரியர் இந்த இடத்தில் ஊசியைப் பிடுங்கிக்கொள்வதில்லை. ஊசியைத் தோலடி வரை இழுத்து, சற்றே தலைப்பக்கமாகச் சாய்த்துப் போ என்கிறார். மருந்து உள்ளே போய்த் தாயை மல்லாக்கப் படுக்கவைத்த பிறகு மாணவியின் கவனம் மருந்து எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பதிலேயே இருக்கும். ஆசிரியரோ மேசையை இடப்பக்கம் சாய்க்கச் சொல்லிவிட்டு, இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு நிமிடமும் அளக்கும்படி மானிட்டரை மாற்றியிருப்பார். தாய் குமட்டுகிறது என்று சொன்ன உடனே அது வாந்திக்கான பிரச்சினை அல்ல, அழுத்தம் இறங்குகிறது என்பதை மாணவியே சொல்லட்டும் என்று இரண்டு நொடி காத்திருந்து, சொல்லாவிட்டால் தானே சொல்லி, அழுத்தத்தை உயர்த்தும் ஃபினைல்எஃப்ரின் ஊசியை அவர் கையிலேயே கொடுப்பார். இப்படிக் கற்ற இருபது ஸ்பைனல், பயந்துகொண்டு தனியாகப் போட்ட இருநூறைவிட மேலானது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது உங்கள் சீனியர்கள் சொல்லும் கேஸ் எண்ணிக்கை. அதில் உண்மை உண்டு, ஆனால் எந்தக் கேஸ் என்று கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் பேசுவதில் பொருளில்லை. ஓர் அளவுகோலுக்காக அமெரிக்க விதிகளைப் பார்க்கலாம். அங்கே ரெசிடென்சி திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் ஏ.சி.ஜி.எம்.இ. அமைப்பு, மயக்கவியல் மாணவர் ஒருவர் பயிற்சிக் காலத்தில் குறைந்தது 40 ஸ்பைனல், 40 எபிடியூரல் (முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே மருந்து செலுத்துவது), 40 நரம்பு பிளாக் (ஒரு பகுதியின் நரம்பை மட்டும் மரக்கவைப்பது), 20 சிசேரியன், 20 இதய அறுவை, 12 வயதுக்குட்பட்ட 100 குழந்தைகள் ஆகியவற்றைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறது. அந்த நூறு குழந்தைகளில் 20 பேர் மூன்று வயதுக்குட்பட்டவர்களாகவும், அவர்களில் ஐந்து பேர் மூன்று மாதத்துக்குட்பட்டவர்களாகவும் இருக்க வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் ஸ்பைனலிலும் சிசேரியனிலும் இந்த எண்ணிக்கையைத் தாண்டுவது ஒரு பொருட்டே அல்ல. ஓட்டை விழுவது வேறு இடங்களில்: வலியில்லாப் பிரசவத்துக்கான எபிடியூரல், அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடும் பிளாக், பச்சிளங்குழந்தை அறுவை, பைபாஸ் இயந்திரத்தோடு நடக்கும் இதய அறுவை. ஆகவே இறுதியாண்டு மாணவரிடம் மொத்தம் எத்தனை கேஸ் செய்தீர்கள் என்று கேட்க வேண்டாம். இந்த நான்கில் ஒவ்வொன்றையும் நீங்களே செய்தது எத்தனை, வேடிக்கை பார்த்தது எத்தனை என்று கேளுங்கள். செயல்பதிவேட்டைக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்போது உங்கள் மூன்று இடங்களுக்கு வருகிறேன்.

ஸ்டான்லியின் பலம் அதன் அறுவைத் துறைகளில் இருக்கிறது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவை மற்றும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை நாடறிந்தது. இயந்திரத்தில் சிக்கிய கையோடு வரும் தொழிலாளிகள் அங்கே வந்துகொண்டே இருப்பார்கள் என்பதால், கையை மரக்கவைக்கக் காரையெலும்புக்கு மேல் பகுதியில் போடும் பிரேக்கியல் பிளெக்சஸ் பிளாக்கைக் கற்க அதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அரிது. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையும் அங்கே நடக்கிறது. பெருமளவில் இரத்தம் ஏற்றுவது, உறைதல் குறைபாட்டைச் சமாளிப்பது, பல மணி நேரம் இரத்த ஓட்டத்தை நிலையாக வைத்திருப்பது ஆகியவற்றை அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர், பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் எதைக் கண்டும் எளிதில் பதற்றமடைய மாட்டார். மகப்பேறுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை இணைக்கப்பட்டிருக்கிறது. என் முதல் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது: அது கல்லூரி வளாகத்துக்கு வெளியே இருக்கும் தனி மருத்துவமனை. அங்கே இரவில் மயக்கவியல் உதவிப் பேராசிரியர் தங்குகிறாரா, அல்லது மாணவர்கள் மட்டும் இருக்கிறார்களா என்பதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

தஞ்சாவூரிலும் இதே அமைப்புதான். மகப்பேறும் குழந்தைகள் மருத்துவமும் பெரும்பாலும் நகருக்குள் இருக்கும் ராசா மிராசுதார் மருத்துவமனையில்; பொது அறுவை, எலும்பு, விபத்து எல்லாம் மருத்துவக்கல்லூரி சாலையில் இருக்கும் பெரிய மருத்துவமனையில். இரண்டு வளாகங்களுக்கும் இரவுப் பணிக்கு ஆசிரியர்கள் பிரிந்து போகும்போது, எந்த வளாகத்தில் ஆள் குறைகிறது என்பது மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்குப் பக்கம் என்பதைத் தவிர தஞ்சாவூருக்குச் சொந்தமான பலம் ஒன்று உண்டு, உங்கள் எதிர்கால விருப்பத்தோடு அது நேராகப் பொருந்துகிறது. டெல்டா வயல்வெளியிலிருந்து பூச்சிமருந்து குடித்தவர்களும், கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களும் அங்கே வந்து சேருகிறார்கள். இவர்களில் பலர் செயற்கைச் சுவாசத்தில் நாட்கணக்கில் இருந்து, சரியாகப் பராமரிக்கப்பட்டால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகக்கூடியவர்கள். வென்டிலேட்டரைப் பற்றி இவர்களிடம் கற்பதைப் பெருநகர மருத்துவமனையில் முதிய புற்றுநோயாளிகளிடம் கற்க முடியாது. மத்திய அரசின் பி.எம்.எஸ்.எஸ்.ஒய். திட்டத்தில் உருவான உயர் சிறப்பு சிகிச்சைப் பிரிவும் அங்கே இருக்கிறது. அதில் உங்கள் துறை மாணவர்கள் எந்தெந்த அரங்குகளுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று கேளுங்கள்.

தீவிர சிகிச்சைக்குப் போக விரும்புகிறவர் இரு கல்லூரிகளிலும் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு அமைப்புகளை மாற்றுவது, குழாயை எடுப்பது போன்ற முடிவுகளை எடுப்பவர் யார்? பல அரசு மருத்துவமனைகளில் தீவிர மருத்துவப் பிரிவு பொது மருத்துவத் துறையின் கையில் இருக்கும். மயக்கவியல் மாணவரைக் குழாய் போட மட்டும் அழைப்பார்கள், போட்டதும் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் குழாய் போடுவதில் நீங்கள் சிறந்து விளங்குவீர்கள், தீவிர சிகிச்சையைக் கற்றிருக்க மாட்டீர்கள். மயக்கவியல் துறையே தனக்கென ஒரு பிரிவை நடத்தி, மாணவர்களைத் தொடர்ச்சியாகச் சில மாதங்கள் அங்கேயே பணியமர்த்தும் கல்லூரி என்றால், பிற குறைகள் சிலவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தனியார் பெருமருத்துவமனையின் டி.என்.பி. பற்றி உங்கள் தோழி சொல்வது பாதி உண்மை. கருவிகள் அங்கே இருக்கும். மூட்டு மாற்று, இதயம், மூளை, ரோபோ அறுவை என்று அரங்கப் பட்டியலும் கண்ணைக் கவரும். ஆனால் கட்டணம் கட்டிய நோயாளிக்கு மயக்கம் கொடுப்பவர் மூத்த ஆலோசகராக இருப்பார், நீங்கள் மருந்தை ஏற்றிக் கொடுத்துவிட்டுக் குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டிருக்க நேரிடலாம். எல்லா இடமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். மாணவரின் கையில் பொறுமையாக வேலையைக் கொடுக்கும் ஆலோசகர்கள் இருக்கும் மருத்துவமனைகள் உண்டு. அங்கே ஒருவருக்கு ஒருவர் என்ற நெருக்கத்தில் கற்பதால் அரசுக் கல்லூரிகளில் கிடைக்காத நுணுக்கம் கைக்கு வரும். எது எப்படி என்று பிரித்தறிய ஒரு வழி, இரண்டாமாண்டு மாணவரிடம் கடந்த வாரம் அவர் தன் கையால் செய்த வேலைகளை நாள்வாரியாகச் சொல்லச் சொல்வதுதான். மகப்பேறும் குழந்தைகளும் அங்கே பொதுவாகக் குறைவு என்பதால், அந்தப் பயிற்சிக்கு எங்கே, எத்தனை வாரம் அனுப்புகிறார்கள் என்பதையும் கேளுங்கள். டி.என்.பி. இறுதித் தேர்வு நாடு முழுவதற்கும் பொதுவானது, எளிதானதும் அல்ல. வாரந்தோறும் வகுப்பு நடக்கிறதா, கடந்த சில ஆண்டுகளில் அங்கிருந்து முதல் முயற்சியில் தேறியவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆசிரியர் பணிக்கான தகுதி விதிகளில் டி.என்.பி. பட்டத்துக்கு முன்பு சில கூடுதல் நிபந்தனைகள் இருந்து, அவை பலமுறை மாறியிருக்கின்றன. பிற்காலத்தில் கல்லூரியில் கற்பிக்கும் எண்ணம் இருந்தால் தேசிய மருத்துவ ஆணையத்தின் நடப்பு விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்டைக்குள் பார்த்துக் குழாய் போட உதவும் வீடியோ லாரிங்கோஸ்கோப் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது என்பார்கள். அது வைக்கப்பட்டிருக்கும் பீரோவின் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். ஃபைபர்ஆப்டிக் கருவி, அல்ட்ராசவுண்ட், நரம்புத் தூண்டி எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். காலை பத்து மணிக்கு மட்டும் திறக்கும் பீரோவுக்குள் இருக்கும் கருவியால் மாணவருக்கும் பயனில்லை, நோயாளிக்கும் பயனில்லை. அரங்குக்குள் ஒரு நாள் நிற்க அனுமதி கிடைத்தால் மருந்துத் தட்டைப் பாருங்கள். ஒவ்வொரு சிரிஞ்சிலும் மருந்தின் பெயரும் அளவும் ஒட்டப்பட்டிருக்கிறதா, மூச்சுக்குழாயில் குழாய் போட்டதும் எல்லோரும் வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் அலையைத் திரும்பிப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். அந்தப் பழக்கங்கள் இருக்கும் துறையில் மற்றவையும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும்.

உங்கள் பெற்றோர் சொல்லும் 'வசதியான துறை' என்பதைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. புறநோயாளிகள் கூட்டம் இல்லை என்பதால் வந்த பெயர் அது; இரவுப் பணி நமக்கு எந்த அறுவைத் துறையையும்விடக் குறைவில்லை. 1992-ஆம் ஆண்டிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் உறைவிட மருத்துவர்கள் வழக்கமாகத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது. அது எங்கே நடைமுறையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இரவுப் பணி முடிந்த மறுநாள் காலை எத்தனை மணிக்கு அரங்கை விட்டு அனுப்புகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். தூங்காத மயக்க மருத்துவர் நோயாளிக்கு ஆபத்து என்பதை ஒரு துறை உணர்ந்திருக்கிறதா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். படிப்புக் காலத்தில் திருமணம், மகப்பேறு பற்றிய எண்ணம் இருந்தால், விடுப்பு எடுத்த காலத்துக்கு ஏற்பப் பயிற்சி நீளும் என்பதையும், அரங்கிலிருந்து மயக்க வாயுக் கழிவை வெளியேற்றும் அமைப்பு வேலை செய்கிறதா என்பதையும் சேர்த்து விசாரியுங்கள்.

படிப்பு முடிந்ததும் அரசுக்குப் பணியாற்றுவதாக எழுதிக்கொடுக்கும், அரசுக் கல்லூரி இடங்களுக்கான சேவை ஒப்பந்தத்தின் காலமும் தொகையும் அரசாணைக்கு அரசாணை மாறுபவை. இந்த ஆண்டுத் தகவல் கையேட்டில் இருப்பதே செல்லும், சீனியர்கள் சொல்வது அவர்கள் ஆண்டுக்கு உரியது. மூன்று மாத மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி மூன்றாம், நான்காம் அல்லது ஐந்தாம் பருவத்தில் எல்லோருக்கும் உண்டு என்பதால் அதை வைத்து இடங்களை ஒப்பிட வேண்டியதில்லை.

ஜிப்மருக்காகக் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜிப்மர் சிறந்த இடம், சந்தேகமில்லை, அதற்கான ஐ.என்.ஐ.-செட் நுழைவுத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடப்பதால் முயற்சி எளிது போலவும் தோன்றும். ஆனால் அங்கே மயக்கவியல் இடங்கள் குறைவு. கையில் இருக்கும் தரவரிசைக்கு நல்ல பயிற்சி இடமே கிடைக்காத நிலை என்றால் காத்திருப்பதைப் பற்றிப் பேசலாம். உங்கள் நிலை அதுவல்ல. தீவிர சிகிச்சையில் டி.எம். என்ற, எம்.டி.க்குப் பிந்தைய உயர்படிப்பில் சேர்வதற்கான நீட் எஸ்.எஸ். தேர்வில் நீங்கள் எந்தக் கல்லூரியில் எம்.டி. படித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கடைசியாக, வரிசை. விசாரணையில் மேற்பார்வை இரு கல்லூரிகளிலும் ஏறக்குறைய சமம் என்று தெரிந்தால் ஸ்டான்லி, தஞ்சாவூர், டி.என்.பி. என்ற வரிசையில் எழுதுங்கள். அறுவைகளின் வகையும், சக மாணவர்களோடு சேர்ந்து தேர்வுக்குப் படிக்கும் சூழலும் ஸ்டான்லிக்கு அந்த முதலிடத்தைத் தருகின்றன. தஞ்சாவூரில் இரவிலும் உதவிப் பேராசிரியர் அரங்கிலேயே இருக்கிறார், தீவிர சிகிச்சைப் பிரிவும் மயக்கவியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது என்று அங்கே படிப்பவர்கள் தயங்காமல் சொன்னால், தஞ்சாவூரையே முதலில் எழுதுங்கள். அது வீட்டுக்காக விட்டுக்கொடுத்ததாகாது. அரசுக் கல்லூரிகளில் இடமாற்றக் கலந்தாய்வு முடிந்ததும் ஒரு துறையின் முகமே மாறிவிடக்கூடும் என்பதால், இரண்டு ஆண்டுக்கு முன் படித்து முடித்தவர் தரும் தகவலை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இந்த மூன்றும் அகில இந்தியக் கலந்தாய்வின் ஒரே பட்டியலில் வரக்கூடியவை என்பதால், நிரப்பும்போது எது கிடைக்கும் என்று ஊகித்து வரிசையை மாற்றாதீர்கள். உங்கள் தரவரிசைக்கு எட்டும் இடங்களில் பட்டியலில் மேலே இருப்பதைத்தான் கணினி ஒதுக்கும். முதல் சுற்றில் தஞ்சாவூர் கிடைத்துச் சேர்ந்துவிட்டு இரண்டாம் சுற்றுக்கு மேம்படுத்தல் கேட்டால், மேலே எழுதிய இடம் ஒன்று கிடைத்த கணமே தஞ்சாவூர் இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் தஞ்சாவூரைவிட நிச்சயமாக வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் இடங்களை மட்டுமே அதற்கு மேலே வையுங்கள். முதல் சுற்றில் கிடைத்த இடத்தை இழப்பின்றி விட்டுவிடலாம். இரண்டாம் சுற்றிலிருந்து கிடைத்த இடத்தை விட்டால் கலந்தாய்வுக்குக் கட்டிய வைப்புத்தொகை பறிபோகும். மாநிலக் கலந்தாய்வுக்கும் தனியே விண்ணப்பித்துவிடுங்கள், அதன் விதிகளும் தேதிகளும் வேறு.